கவசத்தின் உட்புறம்

திருவில்லிபுத்தூர் ஆண்டாள் கோயிலின் மண்டபத் தூண்களில் கர்ணனும் அர்ச்சுனனும் நிற்கிறார்கள். நாயக்கர் காலத்துச் சிற்பங்கள். கோயிலுக்குப் போகும்போதெல்லாம் கர்ணன் முன் சற்று நேரம் நின்றுவிட்டு வருவது எங்கள் வழக்கம். தோளிலும் மார்பிலும் இடையிலும் அத்தனை அணிகலன்கள் இருந்தும் எதுவும் உடம்பை உறுத்துவதாகத் தெரியாது. உடம்பிலிருந்தே அவை முளைத்து வந்தன என்று தோன்றும். ஆனால் கல்லுக்கு வியர்ப்பதில்லை. கல் குனிந்து நிமிர வேண்டியதுமில்லை. கல்லில் கண்ட பொலிவை உயிருள்ள ஒரு மனிதனின் மேல் ஏற்ற முயன்றபோது என்ன நேர்ந்தது என்பதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறோம்.

எங்கள் நண்பர் குழு கர்ணன் தன் கவச குண்டலங்களை இந்திரனுக்கு ஈந்த கதையை ஒன்றரை மணி நேர நாடகமாக எழுதியது. வியாசரையும் வில்லிபுத்தூராரையும் எதிரெதிரே வைத்துக்கொண்டு மாதக்கணக்கில் வாதிட்டோம். ஒவ்வொரு வசனத்தையும் நான்கு முறை திருத்தினோம். கர்ணனாக நடித்த நண்பர் இராசபாளையத்தில் ஒரு நூற்பாலைத் தொழிலாளி. இரவு ஷிப்ட் முடித்துவிட்டு வந்து ஒத்திகையில் நிற்பார். மெலிந்த, நெடிய உடம்பு. வசனத்துக்கு இவ்வளவு மெனக்கெட்ட நாங்கள் அவருடைய கவசத்துக்கு என்ன செய்தோம்? நாடகத்துக்கு முதல் நாள், நாடக உடை வாடகைக்கு விடும் ஒருவரிடமிருந்து எடுத்து வந்தோம். அவ்வளவுதான்.

ஃபைபரில் வார்த்துப் பொன்னிறம் பூசிய மார்புக் கவசம் அது. முன்னும் பின்னுமாக இரண்டு ஓடுகள், தோளில் இரண்டு ரெக்சின் வார்கள், பக்கவாட்டில் நாடா. நல்ல ஆகிருதி கொண்ட ஒருவரை நினைத்து வார்த்திருக்க வேண்டும். மேடைக்கு முன்னால் நின்று பார்த்தவர்களுக்கு மிகவும் எடுப்பாக இருந்தது. எங்களுக்கும்தான். நாடகம் தொடங்கிக் கால்மணி நேரத்தில் கர்ணன் கையை உயர்த்துவதை நிறுத்திவிட்டான். அரை மணி நேரத்தில் கழுத்தைத் திருப்புவதை நிறுத்திவிட்டான். அரியணையில் உட்கார்ந்தபோது கவசத்தின் கீழ்விளிம்பு தொடையில் இடித்துக்கொண்டு மேலே எழும்ப, மேல்விளிம்பு தாடையைத் தூக்கியது. கிரீடம் புருவத்துக்கு இறங்கியது. எத்தனையோ ஒத்திகைகளில் தடுமாறாத மனிதர் மூன்று இடங்களில் வசனத்தை விட்டார்.

பிறகு அந்தக் காட்சி வந்தது. முதிய அந்தணனாக வந்து நின்ற இந்திரன் கையேந்த, கர்ணன் கவசத்தைக் கழற்ற வேண்டும். வியர்வையில் நனைந்த நாடா முடிச்சு இறுகிப்போய் அவிழவில்லை. அவர் பலங்கொண்ட மட்டும் இழுத்தார். நாடா அறுந்து கவசம் வந்துவிட்டது. உள்ளே வெள்ளை பனியன். இரண்டு அக்குள் ஓரங்களிலும் தோளெலும்பின் மேலும் அந்தப் பனியன் சிவந்திருந்தது. பார்வையாளர்கள் அதை நாங்கள் செய்த உத்தி என்று நினைத்தார்கள். உடலோடு பிறந்த கவசத்தை அறுத்தெடுத்தவனின் குருதி! கைதட்டல் ஓய வெகுநேரம் ஆயிற்று.

ஓரத்தில் நின்ற நாங்களும் ஒரு கணம் மகிழ்ந்துதான் போனோம். அந்த மகிழ்ச்சியை நினைக்க இன்றும் கூச்சமாக இருக்கிறது.

*

வியாச பாரதத்தில் ஓர் இடம் உண்டு. கவசத்தை அறுத்துக் கொடுக்கச் சம்மதிக்கும் கர்ணன், அறுத்தபின் தன் உடல் விகாரமாகிவிடக் கூடாது என்று இந்திரனிடம் ஒரு வரம் கேட்கிறான். தேவர் தலைவனும் அதைத் தருகிறான். வைகர்த்தனன் என்ற பெயருக்கு, தன்னை அறுத்துக்கொண்டவன் என்று பொருள் சொல்வார்கள். உயிரைக் காக்கும் பொருளையே கொடுத்துவிடத் துணிந்தவன்கூட, கொடுத்தபின் எஞ்சப்போகும் தன் உடம்பைப் பற்றிக் கவலைப்பட்டான் என்பதைக் கவனிக்க வேண்டும். நாடகத்தில் அந்த வசனத்தை நாங்கள் சேர்த்திருந்தோம். அதைப் பேச வேண்டியவரின் தோளைப் பற்றி எங்களில் ஒருவரும் கவலைப்படவில்லை.

தவற்றை வாடகைக்குக் கொடுத்தவர் மேல் போடுவது எளிது. அது நியாயமாகாது. நம் மேடைகளில் கவசம் என்பது பார்ப்பவனுக்காகச் செய்யப்படும் பொருள். பளபளக்கிறதா, கடைசி வரிசைக்குத் தெரிகிறதா, படத்தில் எடுப்பாக விழுகிறதா என்பவைதாம் நாம் கேட்கும் கேள்விகள். அணிந்துகொண்டு அவனால் உட்கார முடியுமா, மூச்சை இழுத்து ஒரு நீண்ட வசனத்தைப் பேச முடியுமா என்று கேட்பதில்லை. நாம் கேட்காததைச் செய்து வைக்க உடை தைப்பவருக்கு என்ன அவசியம்?

அதன்பின் கவசங்களைப் பற்றித் தேடிப் படிக்கத் தொடங்கினோம். அந்தத் தேடல் எங்களை ஜப்பானுக்கு இட்டுச்சென்றது. சாமுராய்க் கவசத்தைப் பிரதி செய்து சாதாரண மனிதர்கள் அணிந்து நடக்கும் வழக்கம் அங்கே பரவலாக இருக்கிறது. கோஃபு நகரின் ஷிங்கென் விழாவில் ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் கவசம் பூண்டு ஊர்வலம் போகிறார்கள். கடைக்காரர்கள், அலுவலர்கள், மாணவர்கள், வெளிநாட்டு விருந்தினர்கள் என்று பலதரப்பட்ட உடம்புகள். திரைப்படங்களுக்கும் திருவிழாக்களுக்கும் இத்தகைய பிரதிகளைச் செய்து தரும் பட்டறைகளும் உள்ளன. ககோஷிமா மாநிலத்து மாருதாகே அவற்றில் பெயர்பெற்றது. எல்லாம் பிரதிகள்தாம். ஆனால் வெளித்தோற்றத்தோடு, அணியும் முறையையும் சேர்த்தே பிரதி செய்திருக்கிறார்கள். எங்களுக்குப் பாடம் கிடைத்தது அங்கேதான்.

சாமுராய்க் கவசத்தின் வரலாற்றை, பாரம் தோளிலிருந்து இடுப்புக்கு இறங்கிய வரலாறு என்றே சொல்லலாம். பழைய ஓ-யொரோய் கவசம் குதிரை மேலிருந்து அம்பெய்யும் வீரனுக்கானது. ஒரு பெட்டியைப் போல உடம்பைச் சூழ்ந்து நிற்கும். ஏறக்குறைய 30 கிலோ எடையில் பெரும்பகுதி தோள்களிலிருந்தே தொங்கும். குதிரை சுமக்கும்வரை அது பொறுக்கத்தக்கது. நடந்து போரிட வேண்டிய காலம் வந்ததும் அது பயன்படவில்லை. காலாட்கள் அணிந்த தோ-மாரு என்ற கவசம் உடம்பைச் சுற்றி வந்து வலப்பக்கம் மூடிக்கொள்ளும். இடையில் ஒடுங்கும். கீழ்நிலை வீரனின் அந்த உடையை மேல்நிலை வீரர்களும் காலப்போக்கில் ஏற்றுக்கொண்டார்கள். 16ஆம் நூற்றாண்டில் உருவான தோசெய் குசொகு இந்த அறிவின் முதிர்ச்சி. எடை 20 கிலோ அளவுக்குக் குறைந்தது. மார்புக் கவசத்தின் மேல் இடுப்பில் ஒரு நீண்ட துணிக்கச்சையை இறுக்கிக் கட்டிவிட்டால் பாதிப் பாரம் இடுப்பெலும்பில் உட்கார்ந்துவிடும். தோள்கள் விடுதலை பெறும்.

நமக்கு இது புதிய செய்தியா? கச்சை கட்டுவது என்று நம் மொழியில் ஒரு தொடரே இருக்கிறது. மூட்டை சுமப்பவரும் மண்வெட்டி பிடிப்பவரும் துண்டை இடுப்பில் இறுக்கிக் கட்டிக்கொண்டுதான் வேலையில் இறங்குவார்கள். அது அழகுக்காக அன்று.

கீழ்விளிம்பைப் பற்றியும் அவர்கள் யோசித்திருக்கிறார்கள். விறைப்பான பகுதி இடுப்பெலும்புக்கு மேலேயே முடிந்துவிடுகிறது. அதற்குக் கீழே தொடையைக் காப்பவை தனித்தனித் தொங்கல்கள். கயிற்றில் ஆடுபவை. உட்கார்ந்தால் அவை விலகி வழிவிடும். எங்கள் கர்ணனின் தாடையைத் தூக்கிய விளிம்பு நினைவுக்கு வருகிறதல்லவா? நான்கு விரற்கடை குறைவாக அது வார்க்கப்பட்டிருந்தால் அவர் நிம்மதியாக அரியணையில் அமர்ந்திருப்பார்.

தலைக்கவசத்தின் உள்ளே இரும்பு நேரடியாகத் தலையில் படுவதில்லை. உள்விளிம்பில் தைத்த துணி அணை ஒன்று தலையைத் தாங்குகிறது. ஓட்டுக்கும் மண்டைக்கும் இடையில் இடைவெளி இருக்கிறது. இதைப் படித்தபோது எங்களில் ஒருவர் சொன்ன சொல் ஒன்றே போதும்: சும்மாடு. தண்ணீர்க் குடத்துக்கும் புல்லுக்கட்டுக்கும் நம் வீட்டுப் பெண்கள் வைத்த சும்மாடு. முகமூடியின் தாடைக்கு அடியில் வியர்வை வடிய ஒரு சிறு துளை. போர்க்களத்துக்குச் செய்யும் பொருளில், வியர்வை எங்கே போகும் என்று ஒருவன் யோசித்திருக்கிறான். எங்களுக்கு அந்தத் துளைதான் முழுக் கவசத்தையும்விடப் பெரிதாகத் தெரிந்தது.

அணியும் வரிசையும் கீழிருந்து மேலாக அமைந்தது. முதலில் உள்ளுடை, காலணி, கணைக்காற் காப்பு, தொடைக் காப்பு, பிறகு கைக் காப்பு, அதன்பின் மார்புக் கவசம், கச்சை, வாள், தலைக்கவசம் கடைசியில். காரணம் எளிது. மார்புக் கவசம் பூட்டியபின் குனிந்து காலில் எதையும் கட்ட முடியாது. நாங்களோ கிரீடத்தை முதலில் வைத்து அழகு பார்த்துவிட்டு, சலங்கை கட்ட அவரைக் குனியச் சொன்னோம்.

*

ஜப்பானைப் புகழ்ந்து நம்மைத் தாழ்த்துவது எங்கள் நோக்கம் அன்று. இந்த அறிவு நம்மிடம் இல்லாதிருந்தால் ஒருவேளை மன்னிக்கலாம். இருந்தும் நாம் பயன்படுத்தவில்லை என்பதே எங்கள் குறை.

வடதமிழகத்துக் கட்டைக்கூத்துக்கு அப்பெயர் வந்ததே கலைஞர்கள் அணியும் மர அணிகலன்களால்தான். கிரீடம், புஜக்கட்டை, மார்புப் பதக்கம் என்று அத்தனையையும் பூண்டு அவர்கள் இரவெல்லாம் ஆடுகிறார்கள், சுழல்கிறார்கள். ‘அவர்கள் விடிய விடிய ஆடவில்லையா, உங்கள் நடிகருக்கு ஒன்றரை மணி நேரம் தாங்காதா’ என்று எங்களைக் கேட்டவர்கள் உண்டு. வேடம் கட்டுதல் என்று அவர்கள் சொல்வதைக் காதில் வாங்கியிருந்தால் இப்படிக் கேட்கத் தோன்றாது. அங்கே வேடம் மாட்டப்படுவதில்லை, கட்டப்படுகிறது. ஒவ்வொரு துண்டும் அந்தக் குறிப்பிட்ட உடம்பின்மேல், அந்த உடம்புக்கு ஏற்ற இறுக்கத்தில், கயிற்றாலும் துணியாலும் கட்டப்படுகிறது. அதற்கென்று நேரம் ஒதுக்கப்படுகிறது. மலைக்கு அப்பால் கதகளியிலும் அப்படித்தான். தலையில் முதலில் துணியைச் சுற்றிக் கட்டிய பிறகே கிரீடம் ஏறும்.

இன்னும் அருகில் வருவோம். திருவில்லிபுத்தூரில் உற்சவ காலத்தில் பல்லக்குத் தாங்கும் ஸ்ரீபாதம் தாங்கிகளைப் பார்த்திருப்பீர்கள். தோளுக்கும் மரத்துக்கும் இடையில் அவர்கள் வைக்கும் துணித் திண்டைக் கவனித்திருக்கிறீர்களா? உயரம் ஒத்தவர்களை எதிரெதிரே நிறுத்துவதைக் கவனித்திருக்கிறீர்களா? பாரத்தை உடம்போடு சமாதானம் செய்துவைக்கும் கலை அது.

வரலாற்றிலும் சான்று இருக்கிறது. 1520ஆம் ஆண்டையொட்டி விஜயநகரத்துக்கு வந்த போர்த்துக்கீசியர் டொமிங்கோ பாயஸ், அங்குள்ள வீரர்கள் அணிந்த மெத்தை போலத் தைத்த அங்கிகளைக் குறித்து எழுதிவைத்திருக்கிறார். நம் திரைப்படங்களில் வரும் மன்னர்களோ, மேலைநாட்டுப் படங்களில் கண்ட உலோக மார்பைத்தான் அணிகிறார்கள். வெயில் காயும் நாட்டில் பருத்தியை அடுக்கித் தைத்துக் கவசமாக்கிய புத்தியை நாம் மறந்துவிட்டோம். சங்கத் தமிழில் கவசத்துக்கு மெய்ம்மறை என்று பெயர். பதிற்றுப்பத்து சேர மன்னனையே தன் வீரர்களுக்கு மெய்ம்மறை என்கிறது. மெய்யை மறைப்பது, மறைத்துக் காப்பது. மெய்யை அறுப்பதற்கு அந்தப் பெயர் பொருந்தாது.

*

இரண்டாம் முறை இராசபாளையத்தில் அதே நாடகத்தைப் போட்டபோது கவசத்தை நாங்களே செய்துகொண்டோம். ஒன்றும் பெரிய வித்தை இல்லை. நண்பரை நிற்க வைத்து, உட்கார வைத்து, மண்டியிட வைத்து, கையைத் தலைக்குமேல் உயர்த்தச் சொல்லி நான்கு நிலைகளிலும் அளவெடுத்தோம். நிற்கும்போது சரியாக இருக்கும் கவசம் மண்டியிடும்போது பகையாகிவிடும் என்பதை அப்போதுதான் கண்டோம். கீழ்விளிம்பை இடுப்பெலும்புக்கு மேலேயே முடித்து, அதற்குக் கீழே தனித்தனிப் பட்டைகளைத் தொங்கவிட்டோம். அக்குள் பகுதியைத் தாராளமாக வெட்டி, விளிம்பு முழுவதும் துணி மடித்துத் தைத்தோம். நாடா முடிச்சை நீக்கிவிட்டு, ஒரு கையால் கழற்றக்கூடிய கொக்கி வைத்தோம். இடுப்பில் அகலமான கச்சை.

உள்ளே வைத்துத் தைக்கத் துணிக்கு நாங்கள் எங்கும் அலையவில்லை. இராசபாளையத்தை அடுத்த சத்திரப்பட்டியில் மருத்துவமனைகளுக்கான பேண்டேஜ் துணி நெய்கிறார்கள் என்பது ஊரறிந்தது. மெல்லியது, காற்றோடுவது, வியர்வையை உறிஞ்சுவது. அதைப் பல மடிப்பாக மடித்து, நடுவே பஞ்சு வைத்துத் தோளுக்கும் முதுகுக்கும் திண்டு தைத்தோம். காயத்துக்குக் கட்டுவதற்காக நெய்த துணியைக் காயம் வருமுன்னே வைத்தோம் என்று நண்பர்கள் கேலி செய்தார்கள். கிரீடத்துக்குள் சும்மாடு. ஒரு வாரம் முழுக்க ஒத்திகை கவசத்தோடு நடந்தது.

நாடகம் முடிந்ததும் கர்ணன் சொன்னது: “அண்ணாச்சி, இன்னைக்குத்தான் நான் கர்ணனை நெனச்சேன். அன்னைக்குப் பூரா தோளை மட்டுந்தான் நெனச்சிட்டு நின்னேன்.”

எங்கள் வாதம் முழுவதும் இந்த இரண்டு வாக்கியங்களில் அடங்கிவிடுகிறது. ஆனாலும் எதிர்க்கேள்விகள் வரும் என்பதால் சிலவற்றுக்கு மறுமொழி சொல்லிவிடுகிறோம்.

கலைஞன் வருந்தினால்தான் கலை பிறக்கும் என்பது ஒரு வாதம். வருத்தம் கலைக்கு உரமாகலாம். அக்குளில் கீறும் ஃபைபர் விளிம்பு எந்தக் கலைக்கும் உரமானதில்லை. நடிகனின் கவனத்தை அது பாத்திரத்திடமிருந்து பிடுங்கிக்கொள்கிறது, அவ்வளவே.

அசலான தோற்றம் கெட்டுவிடும் என்பது இன்னொன்று. அசல் எது? அசலைச் செய்தவன் அதை ஒருவன் நாளெல்லாம் அணிந்து நடப்பதற்காகச் செய்தான். உள்ளே துணி வைத்தான், வியர்வைக்குத் துளையிட்டான். வெளியை மட்டும் நகலெடுத்துவிட்டு அதை அசல் என்று சொல்வது, மெய்ப்புப் பார்க்காத நூலைப் பதிப்பு என்று சொல்வதைப் போன்றது. குரோசவாவின் ‘ரான்’ (1985) படத்துக்காக எமி வாடா 1,400 உடைகளையும் கவசங்களையும் உருவாக்கினார் என்பார்கள். அந்தப் படத்தில் கவசம் பூண்டவர்கள் ஓடுவதையும் விழுவதையும் எழுவதையும் பாருங்கள். ‘ஏழு சாமுராய்’ (1954) படத்தில் கிகுச்சியோ ஒரு கட்டுக் கவசங்களைத் தூக்கி வருவான். கிராமத்தார் ஒளித்து வைத்திருந்தவை. தோற்றோடி வந்த சாமுராய்களைக் கொன்று உரித்தவை. அவற்றைப் பார்த்ததும் மற்ற சாமுராய்களின் முகங்கள் இருண்டுபோகும். பொருளைப் பார்த்ததும் அதற்குள் இருந்த உடம்பு அவர்களுக்குத் தெரிந்துவிட்டது. வாடகைக் கவசத்தைக் கையில் வாங்கும் நமக்கு, அதற்குள் புகப்போகும் உடம்பாவது தெரிய வேண்டாமா?

செலவு என்பது மூன்றாவது வாதம். பேண்டேஜ் துணிக்கும் பஞ்சுக்கும் ஆன செலவு, அன்று நாங்கள் மேடைக்கு வைத்த வண்ண விளக்குகளின் வாடகையைவிடக் குறைவு. கேட்டால் எங்களுக்கே வெட்கம்.

வெயிலைப் பற்றியும் ஒரு சொல். ஃபுகுஷிமாவில் சோமா நோமாஓய் என்று ஒரு விழா. கவசம் பூண்ட குதிரை வீரர்கள் பந்தயம் ஓடுவார்கள். ஆயிரம் ஆண்டுத் தொன்மை சொல்லப்படும் விழா அது. ஜூலை இறுதியில் நடந்துவந்தது. 2023இல் கடும் வெப்பத்தில் மனிதர்கள் மயங்கினார்கள், குதிரைகள் இறந்தன. 2024 முதல் விழாவை மே மாத இறுதிக்கு மாற்றிவிட்டார்கள். மரபின் பெயரால் உடம்புகளை வதைக்க அவர்கள் ஒப்பவில்லை. சித்திரை, வைகாசியில் கொடைவிழா மேடைகளில் வெல்வெட்டும் ரெக்சினும் அணிந்து நிற்கும் நம் நடிகர்களுக்கு, திரைக்குப் பின்னால் ஒரு மின்விசிறியும் ஒரு குடம் தண்ணீரும் வைப்பதற்கு நாம் என்ன யோசிக்கிறோம்?

நம் பக்தி இலக்கியத்தில் கவசம் என்று ஒரு வகையே இருக்கிறது. தேவராய சுவாமிகளின் கந்த சஷ்டி கவசத்தை அறியாத வீடு குறைவு. அந்த வகை நூல்கள் உடம்பை உறுப்பு உறுப்பாகப் பெயர் சொல்லி அழைத்து, ஒவ்வொன்றுக்கும் தனித்தனியே காவல் கேட்கின்றன. உடல் என்று மொத்தமாகச் சொல்லிக் கடந்துபோவதில்லை. ஒரு தையற்காரரின் பொறுமை அந்தப் பட்டியலில் இருக்கிறது. வேடக் கவசம் செய்பவருக்கும், செய்யச் சொல்பவருக்கும் வேண்டியது அந்தப் பொறுமைதான். தோள் எங்கே, அக்குள் எங்கே, இடுப்பெலும்பு எங்கே என்று ஒவ்வொன்றாகத் தொட்டுக் கேட்க வேண்டும்.

அந்த முதல் நாடகத்தின் பனியனை நண்பர் துவைத்துப் போட்டுக்கொண்டார். கறை முழுதாகப் போகவில்லை என்றார். நாங்கள் வேறு பனியன் வாங்கித் தருவதாகச் சொன்னோம். சிரித்துக்கொண்டே வேண்டாம் என்றுவிட்டார். கைதட்டியவர்கள் யாருக்கும் அது தெரியாது. இதைப் படிப்பவர்களில் நாடகம் போடுகிறவர்கள் இருந்தால், அடுத்த முறை கவசத்தை வாங்கியதும் அதைத் திருப்பி உட்புறத்தை ஒருமுறை கையால் தடவிப் பாருங்கள். பார்வையாளர் கண்ணில் படாத பக்கம் அது. உங்கள் நடிகர் அன்றிரவு முழுக்க அதோடுதான் இருக்கப்போகிறார்.